குரலில்லாக் கட்டைப்பலகை

யாழ் நரம்பிலே ஒலிக்கிறது. குழல் காற்றிலே ஒலிக்கிறது. முழவு தோலிலே ஒலிக்கிறது. ஒலிப்பதனாலேயே இவற்றுக்கு இசைக்கருவி என்னும் பெயர் அமைந்தது. ஆயினும், இற்றை நாளில் இசைக்கருவிக் கடைகளில் தாராளமாக விற்பனையாகும் பொருள்களுள் ஒன்று, தானாக ஓர் ஒலியையும் எழுப்பாது. பியானோவில் உள்ளவை போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டைகள் அதில் உண்டு. திருகுகளும் உருளைகளும் உண்டு. ஒலிபெருக்கி மட்டும் இல்லை. மிடி கீபோர்டு கன்ட்ரோலர் என்பது அதன் வணிகப் பெயர். மகளின் ஆசைக்காக அதனை வாங்கி வந்த தகப்பனார், கட்டைகளை அழுத்திப் பார்த்துவிட்டு, கெட்டுப்போன பொருளைத் தம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனால் அதில் வியப்பில்லை. கணினியோடு இணைத்தால் அப்பலகை நூறு வாத்தியங்களின் குரலில் பேசும். இணைக்காவிடில் அது வெறும் பலகையே.

இக்குரலில்லாப் பலகை எங்ஙனம் தோன்றிற்று, எதனால் இத்துணை மலிவாயிற்று, அம்மலிவுக்காக எதனை விட்டுக்கொடுத்தது என்பவற்றை அறிந்தவர், கடையிலே நின்று தடுமாறமாட்டார். விளம்பரத் தாள்கள் இவ்வரலாற்றைச் சொல்லுவதில்லை.

கட்டைப்பலகை தமிழர்க்குப் புதியதன்று. 1840-களில் பாரிசு நகரத்து அலெக்சாந்தர் தெபேன் என்பார் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். காலால் மிதித்து வாசிக்க வேண்டிய அப்பெரிய கருவியை, தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்கத்தக்க சிறு பெட்டியாக மாற்றியவர் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ், ஆண்டு 1875. அப்பெட்டி விரைவிலேயே தெற்கே வந்து தமிழ் நாடக மேடையில் அமர்ந்துகொண்டது. கடல் கடந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த நாடகக் குழுக்களோடு அதுவும் கப்பலேறிற்று. அது தமிழ்ப் பேச்சிலேயே ஓர் அளவுகோலை விட்டுச் சென்றிருக்கிறது. நம் பாடகர்கள் தம் சுருதியைக் ‘கட்டை’ என்று அளக்கிறார்கள். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகள் ஏழும் ஒன்று முதல் ஏழு வரை எண் பெற்றன. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரை எனப்பட்டன. ஐந்தரைக் கட்டை என்றால் ஐந்தாம் வெள்ளைக்கும் ஆறாம் வெள்ளைக்கும் நடுவே நிற்கும் கறுப்பு. ஆர்மோனியத்தைக் கையால் தொடாத வித்துவானும் இக்கணக்கிலேதான் சுருதி சொல்லுகிறார். கட்டைக்கு எண் கொடுத்து இசையைப் பேசுவது மேனாட்டுப் பொறியாளர்களின் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

ஆனால், அதே ஆர்மோனியத்தின் மீது பெரும் வழக்கொன்றும் தொடுக்கப்பட்டது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே உள்ள வெளியில் அதனால் நடமாட முடியாது. வீணைக் கம்பியை இழுத்தும் குரலை அசைத்தும் பெறுகின்ற கமகம் அதற்கு எட்டாது. அனைத்திந்திய வானொலியில் மேனாட்டு இசைப் பிரிவைக் கவனித்த ஜான் பவுல்ட்ஸ் 1938-ஆம் ஆண்டில் இக்குறையைக் கடுமையாக எடுத்துக்காட்டி எழுதினார். 1940 மார்ச்சு முதல் வானொலியில் ஆர்மோனியம் விலக்கப்பட்டது. அப்போது வானொலித் தலைவராக இருந்தவர் லயனல் பீல்டன். தாகூரும் விலக்கை வரவேற்றார். 1971-இல்தான் அக்கட்டுப்பாடு தளரத் தொடங்கிற்று. விலக்கியது சரியா தவறா என்பது வேறு வழக்கு. ஏழை வீட்டிலும் இசை கற்பித்த பெட்டியை வானொலி மறுத்தது சற்றுக் கடுமையான தீர்ப்பே. எனினும், எழுப்பப்பட்ட கேள்வி பொய்யன்று. கட்டைகளுக்கு இடையே இருப்பதை என் செய்வது என்னும் அக்கேள்வி இன்றைய குரலில்லாப் பலகையையும் விடவில்லை.

ஆர்மோனியத்தில் கட்டையும் நாக்கும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. கட்டையை ஒரு பெட்டியிலும் குரலை மற்றொரு பெட்டியிலும் வைக்கும் எண்ணம் மின்சாரத்தோடு வந்தது. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் 1964-ஆம் ஆண்டில், இசையமைப்பாளர் எர்பர்ட் டொய்ச்சோடு சேர்ந்து, மின்னழுத்தத்தால் சுருதியை ஆளும் சிந்தசைசர் ஒன்றை உருவாக்கினார். அவருடைய ஏற்பாட்டில் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டு உயர்ந்தால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். கட்டைப்பலகை தனியே நின்றது; ஒலி பிறக்கும் அலமாரி தனியே நின்றது; இரண்டையும் கம்பி இணைத்தது. கை வேறு, குரல் வேறு என்னும் பிரிவினை அங்கே தொடங்கிற்று. அக்காலத்திலேயே கலிபோர்னியாவில் டான் புக்லா என்பவர் பியானோக் கட்டைகளே வேண்டாம் என்று ஒதுக்கி, தொட்டால் உணரும் தகடுகளை வைத்தார். புதிய ஒலிக்குப் பழைய படிக்கட்டு எதற்கு என்பது அவர் வாதம். வணிகத்தில் வென்றது மூக்கின் கட்டைப்பலகையே. பியானோ பழகிய விரல்கள் உலகெங்கும் இருந்தமையே அதற்குக் காரணம்.

மின்னழுத்தக் கம்பிக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒரு கம்பி ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே சுமக்கும். மேலும், ஒரு தொழிலகத்தின் கணக்கு மற்றொன்றுக்குப் பொருந்தவில்லை. மூக் ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்றார். யமாஹாவும் கோர்க்கும் மின்னழுத்தத்தை அதிர்வெண்ணுக்கு நேர்விகிதமாக வைத்தன. ஒரு வீட்டுக் கட்டையால் மற்றொரு வீட்டுக் குரலை எழுப்ப இயலவில்லை.

முதற்குறையைத் தீர்த்தவர்களுள் முக்கியமானவர்கள், கலிபோர்னியாவில் ஈ-மியூ என்னும் நிறுவனத்தை நடத்திய டேவ் ரோசமும் ஸ்காட் வெட்ஜும் ஆவர். கட்டைகளை ஒவ்வொன்றாக மிக விரைவில் மீண்டும் மீண்டும் வினவி, எவையெவை அழுத்தப்பட்டுள்ளன என்று எண்களாகக் குறித்துக்கொள்ளும் மின்சுற்று அவர்களுடையது. அன்றே கட்டை எண்ணாக மாறிவிட்டது. ஓபர்ஹைம், சீக்குவென்ஷியல் சர்க்கிட்ஸ் ஆகிய நிறுவனங்கள் பங்குத்தொகை கொடுத்து இவ்வேற்பாட்டைப் பயன்படுத்தின. 1978-இல் வெளிவந்து புகழ்பெற்ற புராபெட்-5 என்னும் கருவியிலும் அதுவே இருந்தது. 1993-ஆம் ஆண்டில் இந்த ஈ-மியூ நிறுவனத்தை விலைக்கு வாங்கியது சிங்கப்பூர்த் தொழிலகம் ஒன்று என்பதை இங்கே குறித்து வைப்போமாக. அக்கதை பின்னே வரும்.

இரண்டாம் குறையைத் தீர்த்த கதைதான் இக்கட்டுரையின் நடுப்பகுதி. ஜப்பானில் ரோலண்டு நிறுவனத்தை 1972-இல் தோற்றுவித்த இகுதாரோ காக்கெஹாஷி, இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைத்தவர். காசநோய் மருத்துவமனையில் சில ஆண்டுகளைக் கழித்து மீண்டவர். 1981-ஆம் ஆண்டின் நடுவில் அவர் அமெரிக்க வணிகரிடம் ஒரு கருத்தைச் சொன்னார்: எல்லா நிறுவனங்களின் கருவிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஒரு பொதுமொழி வேண்டும். அம்மொழி மிகவும் மலிவானதாகவும் எளியதாகவும் இருக்க வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். அக்கருத்தைத் தன் தோளில் ஏற்றுக்கொண்ட அமெரிக்கர், புராபெட்-5 கருவியை உருவாக்கிய டேவ் ஸ்மித். அவர் தம் உடனுழைப்பாளர் செட் வுட்டோடு சேர்ந்து வரைவொன்றை எழுதி, அவ்வாண்டின் பிற்பகுதியில் ஒலிப் பொறியியல் கழகத்தின் மாநாட்டில் படித்தார்.

பிற அமெரிக்க நிறுவனங்கள் முதலில் ஆர்வம் காட்டிப் பின்னர் ஒதுங்கின. எஞ்சியவை சீக்குவென்ஷியலும், ரோலண்டு, யமாஹா, கோர்க், கவாய் என்னும் நான்கு ஜப்பானிய நிறுவனங்களுமே. பசிபிக் கடலின் இருகரையிலும் இருந்து கடிதமும் வரைபடமும் போயின, வந்தன. 1983 சனவரியில், கலிபோர்னியாவின் அனஹைம் நகரத்து வணிகக் கண்காட்சியில், ஸ்மித்தின் புராபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜூப்பிட்டர்-6 கருவியையும் ஒரு கம்பியால் இணைத்தார்கள். ஒன்றன் கட்டையை அழுத்த, மற்றொன்று ஒலித்தது. ஒருவரையொருவர் சந்தையில் வீழ்த்த முயன்றுகொண்டிருந்த இரு நிறுவனங்களின் கருவிகள் அவை. அவ்வாண்டு ஆகஸ்டில் ‘மிடி 1.0’ என்னும் இலக்கணம் வெளியாயிற்று.

இலக்கணத்தைவிடப் பெரியது, அதற்கு விலை வைக்காமல் விட்டதுதான். காப்புரிமை பெறவில்லை, பங்குத்தொகை கேட்கவில்லை, யாரும் தம் கருவியில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். கட்டையை வினவும் சுற்றுக்குப் பங்குத்தொகை வாங்கிய தொழிலிலே இது சிறிய செய்தியன்று. இன்று ஏறத்தாழ 100 அமெரிக்க வெள்ளிக்குக் கட்டைப்பலகை கிடைப்பதற்கு இத்தீர்மானமும் ஒரு மூலகாரணம். கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? சீக்குவென்ஷியல் நான்கே ஆண்டுகளில், 1987-இல் நொடிந்து போயிற்று. அதன் பெயரும் உடைமையும் யமாஹாவுக்குப் போயின. 2013-இல் ஸ்மித்துக்கும் காக்கெஹாஷிக்கும் கிராமி அமைப்பு தொழில்நுட்ப விருது வழங்கிற்று. 2015-இல், காக்கெஹாஷி முன்னின்று தூண்ட, யமாஹா நிறுவனம் சீக்குவென்ஷியல் என்னும் பெயரை ஸ்மித்துக்கே திருப்பிக் கொடுத்தது. முதியவர் 2017-இலும் இளையவர் 2022-இலும் மறைந்தனர்.

இனி, அம்மொழியின் உள்ளே என்ன இருக்கிறது என்று காண வேண்டும். வாங்குவோர் அறிய வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. மிடிக் கம்பியில் ஒலி ஓடுவதில்லை, எண்களே ஓடுகின்றன. நடு ஸ்தாயியின் முதற் கட்டையை நடுத்தர விசையோடு அழுத்தினால், 144, 60, 64 என்னும் மூன்று எண்கள் புறப்படும். 144 என்றால் முதலாம் தடத்தில் ஒரு சுரம் தொடங்குகிறது என்று பொருள். 60 அக்கட்டையின் எண். 64 அழுத்திய விரைவு. கையை எடுத்தால் சுரத்தை நிறுத்தும் வேறு மூன்று எண்கள் போகும். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண். விரைவுக்கும் 127 வரையே. நம் பாடகர் ஐந்தரைக் கட்டை என்பதை மிடி 68 என்று எழுதுகிறது. நொடிக்கு 31,250 துடிப்புகள் என்பது கம்பியின் வேகம். ஒரு சுரச்செய்தி போய்ச்சேர ஆயிரத்தில் ஒரு நொடி பிடிக்கும். இதைவிட விரைவான கம்பிகள் அப்போதே உண்டு. ஆனால் இரண்டே தொடர்புக் கம்பியும், வீட்டு ஒலிக்கருவிகளில் வழங்கிய ஐந்து முள் செருகியும் போதும் என்று வைத்தமையால் செலவு குறைந்தது. அந்த ஐந்து முள்ளிலும் மூன்றுக்கே வேலை கொடுத்தார்கள். சிக்கனத்திலே பிறந்த மொழி அது.

சிக்கனம் எங்கே வலித்தது? சுரத்தைப் படிக்கட்டாகவே எண்ணியதில் வலித்தது. 60-க்கும் 61-க்கும் இடையே மிடியின் கட்டையெண்களில் ஒன்றுமில்லை. ஆர்மோனியத்தின் மீது வானொலி சாட்டிய குற்றம் இலக்கணத்திலேயே ஏறிவிட்டது. அதை உணர்ந்தே, சுருதியை வளைக்கும் தனிச் செய்தி ஒன்றையும் சேர்த்தார்கள். அதற்கு மட்டும் 127 போதாது என்று 16,384 நிலைகளைக் கொடுத்தார்கள். பலகையின் இடப்புறத்தில் உள்ள சிறு உருளையைத் தள்ளினால் அச்செய்தி புறப்படும். கையை விட்டால் வில்லின் விசையால் உருளை நடுவே வந்து நிற்கும். ஆனால் அவ்வளைவு ஒரு சுரத்துக்குரியதன்று, தடத்துக்குரியது. அத்தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் ஒருங்கே வளையும். சட்சமத்தைச் சுருதியாகப் பிடித்துக்கொண்டு காந்தாரத்தை மட்டும் அசைக்க முயன்றால் சுருதியும் சேர்ந்து ஆடும். சுருதிக்கு ஒரு தடம், பாட்டுக்கு ஒரு தடம் என்று பிரித்து வைப்பவருக்கு இத்தொல்லை இல்லை. பதினாறு தடங்கள் இருப்பதன் பயன்களுள் இது ஒன்று. புதிதாகத் தொடங்குவோர் இதனை அறியாமல், மிடியில் நம் இசையே வராது என்று கைவிட்டுவிடுவது உண்டு.

மொழி பொதுவாயிற்று, உடனே குரலும் கையும் தனித்தனியே விற்கத் தொடங்கின. எவ்வளவு குரல் வேண்டுமானாலும் வாங்கலாம், கட்டைப்பலகை ஒன்று போதும் என்னும் நிலை வந்தது. கருவியில் இடத்தை அடைப்பதும் உடைவதும் கட்டைகளே. அவற்றை நீக்கியதும் குரற்பெட்டி சிறுத்து மலிந்தது. 1984-ஆம் ஆண்டு வாக்கில் ரோலண்டு நிறுவனம் குரலே இல்லாத பலகைகளை வெளியிட்டு, அவற்றைத் ‘தாய்ப்பலகை’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தது. இன்றைய மலிவுப் பலகைகளின் நேர் முன்னோர் அவை. மலிவு என்பது மட்டும் அவற்றிடம் இல்லை. மரக்கட்டைகளும் எடையும் கொண்ட அவை தொழில்முறைக் கலைஞருக்கே ஆனவை. சாதாரண வீட்டாரை எட்டியது கேசியோ. 1984-இல் வந்த அதன் சி.இசட்-101, குரலும் உள்ள கருவியாயினும், 500 அமெரிக்க வெள்ளிக்குள் கிடைத்தது. முந்திய ஆண்டில் புராபெட்-600, யமாஹா டி.எக்ஸ்-7 ஆகிய ஒவ்வொன்றின் விலையும் 1,995 வெள்ளி. கேசியோ எங்கே குறைத்தது என்றால், கட்டைகளைச் சிறுவர் கைக்கு ஏற்றாற்போலச் சிறுகச் செய்தது. விரைவை உணரும் ஆற்றலையும் விட்டுவிட்டது. எவ்வளவு மெல்ல அழுத்தினாலும் வன்மையாக அழுத்தினாலும் ஒரே அளவில் ஒலித்தது. மலிவின் முதல் பாடம் அது.

அடுத்த பாடம் சிங்கப்பூரில் எழுதப்பட்டது. நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற சிம் வோங் ஹூ, மாணவப் பருவத்திலேயே மவுத் ஆர்கன் வாசித்தவர். ஆர்மோனியத்தைப் போலவே உலோக நாக்குகளால் ஒலிக்கும் கருவி அது என்பது ஓர் இனிய தற்செயல். 1981-இல் அவர் சைனாடவுனில் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் சிறு கணினிக் கடையாகத் தொடங்கியதே கிரியேட்டிவ் நிறுவனம். அவர்கள் செய்த முழுக் கணினிகள் பெரிதாக விற்கவில்லை. கணினிக்குள் செருகும் ஒலியட்டைகள் உலகையே பிடித்தன. 1989-இல் வந்த சவுண்டு பிளாஸ்டர் அட்டையில் விளையாட்டுக் கைப்பிடிக்கென்று பதினைந்து முள் வாயில் ஒன்று இருந்தது. அதே வாயிலில் தக்க கம்பியொன்றைச் செருகினால் மிடிக் கட்டைப்பலகையையும் இணைக்கலாம். இசைக்கென்று ஒரு காசும் செலவிட எண்ணாத வீட்டிலும், பிள்ளைகள் விளையாட வாங்கிய அட்டையோடு மிடி வாயில் நுழைந்தது. ஈ-மியூவை 1993-இல் வாங்கியதும் இந்நிறுவனமே. கலிபோர்னியாவில் கட்டையை எண்ணாக்கியவர்களின் தொழிலகம், அவ்வெண்ணை வீட்டுக் கணினிக்குள் கொண்டுசென்ற சிங்கப்பூர்க்காரரின் கைக்கு வந்தது. சிம் வோங் ஹூ 2023 சனவரியில் காலமானார்.

வீட்டிலே இசையமைப்பது இழிவன்று என்பதைத் தமிழர்க்குக் காட்டியவர் ஒருவரும் உண்டு. 1989-இல் சென்னைக் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்ந்த ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை அமைத்த ஏ. ஆர். ரஹ்மான், மூன்று ஆண்டுகளுக்குப் பின் ‘ரோஜா’ படத்தின் இசையோடு வெளிவந்தார். அவருடைய தந்தையார் மறைந்த பின்னர் அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அக்குடும்பம் சில காலம் வாழ்ந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. இசைக்கருவி என்பது அன்று வாடகைக்கு எடுக்கும் அளவுக்கு விலை உயர்ந்த பொருள்.

அவ்விலையைத் தகர்த்தவை இரண்டு. 1996-இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம், வெளியார் செய்த ஒலி மென்பொருளையும் தன் கணினி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் செருகும் ஏற்பாட்டை வெளியிட்டது. 1999-இல் முழு வாத்தியங்களே அவ்வாறு செருகப்படலாயின. குரற்பெட்டிகள் கணினிக்குள் கரைந்தன. அதே 1999-இல், யு.எஸ்.பி. கம்பி வழியே மிடி செல்லுவதற்கான பொது விதியும் வகுக்கப்பட்டது. அக்கம்பியே மின்சாரத்தையும் கொண்டு வந்தது. தனி மின்பெட்டி வேண்டியதில்லை. 2002-இல் எம்-ஆடியோ வெளியிட்ட ஆக்சிஜன்-8, இருபத்தைந்தே கட்டைகளோடு பையில் அடங்கிற்று. அதன் பின் வந்தவையெல்லாம் அதன் வழித்தோன்றல்களே: கோர்க்கின் நானோகீ, அக்காயின் எம்.பி.கே. மினி, ஆர்ட்டூரியாவின் மினிலேப், நொவேஷனின் லாஞ்ச்கீ எனப் பட்டியல் நீளும்.

இத்தனையையும் அறிந்த பின், கடையில் நிற்பவர் எதனை நோக்க வேண்டும்? பெரும்பாலோர் முதலில் எண்ணுவது கட்டைகளையே; அறுபத்தொன்று இருந்தால் பெருமை, இருபத்தைந்து என்றால் பொம்மை என்பது அவர்கள் நினைப்பு. இந்நினைப்பு பியானோவுக்குப் பொருந்தும். இரு கைகளாலும் வாசிக்கக் கற்போர்க்கு நாற்பத்தொன்பதாவது வேண்டும். பியானோவையே முறையாகக் கற்போர்க்குச் சுத்தி போன்ற எடையுள்ள எண்பத்தெட்டும் வேண்டும். அது மலிவு விலைக்குக் கிட்டாது. ஆனால் நம் இசையில் பாட்டின் எல்லை என்ன? மந்தர பஞ்சமம் முதல் தார பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயி. அதாவது சரியாக இருபத்தைந்து கட்டைகள். ஸ்தாயியை ஏற்றி இறக்கும் பொத்தானும், சுருதியை மாற்றும் பொத்தானும் இருந்துவிட்டால், முதல் வெள்ளைக் கட்டையில் விரலை வைத்து ஐந்தரைக் கட்டைச் சட்சமத்தை எழுப்பலாம். ஆகவே கட்டை குறைந்தது என்று வருந்த வேண்டுவதில்லை. குறைப்பதென்றால் அங்கேதான் குறைக்க வேண்டும்.

குறைக்கலாகாதது விரைவுணர்வு. அது இயங்கும் முறை எளிது. ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ரப்பர்க் குமிழுக்குள் உயரம் வேறுபட்ட இரண்டு தொடுமுனைகள் இருக்கும். கட்டை இறங்கும்போது ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் தொடும். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை அளந்து, காலம் குறைந்தால் வன்மை என்றும் மிகுந்தால் மென்மை என்றும் பலகை முடிவு செய்கிறது. விசையை அது அளப்பதேயில்லை, காலத்தையே அளக்கிறது. கட்டை இறங்கும் ஆழம் குறைவான மிகச் சிறு பலகைகளில் அக்காலம் மிகவும் குறுகிவிடுவதால், மென்மையும் வன்மையும் விரலுக்கு அடங்காமல் தாறுமாறாக வரும். கடையில் ஒரே கட்டையை மெல்ல மெல்லப் பத்து முறை அழுத்தி, எண்கள் சீராக வருகின்றனவா என்று கணினித் திரையில் காண்பதே நல்ல சோதனை. அக்கம்பக்கத்துக் கட்டைகளிலும் அவ்வாறே செய்து பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அதனினும் குறைக்கலாகாதது அந்தச் சிறு உருளை. விலையைக் குறைக்கத் தொடங்கும் நிறுவனங்கள் பலவேளை அதன் மீதே கை வைக்கின்றன. சிலவற்றில் உருளைக்கு மாற்றாக இரண்டு பொத்தான்கள், சிலவற்றில் கட்டைவிரலால் தள்ளும் சிறு குச்சி, சிலவற்றில் தொட்டுத் தேய்க்கும் பட்டை, சிலவற்றில் ஒன்றுமேயில்லை. மேனாட்டுத் தாள இசை அமைப்போர்க்கு இது பெரிய இழப்பன்று. தோடிக் காந்தாரத்தை அசைக்க விரும்புவோர்க்கு இதுவே கருவி. பொத்தானில் அசைவு இல்லை. விளக்கை ஏற்றி அணைப்பது போன்ற தாவலே உண்டு. உருளையிலும் வேறுபாடு உண்டு. இலக்கணம் 16,384 நிலைகளை அளித்திருந்தும், மலிவான உருளைகளுள் சில 128 நிலைகளையே அனுப்பும். வழக்கமான இரண்டு அரைச்சுர எல்லையில் இது காதுக்குப் பெரிதாகத் தெரியாது. எல்லையை ஒரு ஸ்தாயிக்கு விரித்தால் படிக்கட்டு கேட்கும். கதனகுதூகலம் போன்ற இராகங்கள் கட்டையில் எளிதில் இறங்குவதை மட்டும் கேட்டு மகிழ்ந்து, உருளையில்லாப் பலகையை வாங்குபவர் ஆறு மாதத்தில் வருந்துவார்.

மற்றவை விரைவில் சொல்லத்தக்கவை. பலகையோடு வரும் பதினாறு அல்லது எட்டு ரப்பர்ச் சதுரங்கள், ரோஜர் லின் வடிவமைத்து 1988-இல் அக்காய் வெளியிட்ட தாளப்பொறியின் நினைவுச் சின்னங்கள். மிருதங்கச் சொற்கட்டுகளை விரலால் தட்டிப் பதிவு செய்வதற்குக் கட்டைகளைவிட இவை ஏற்றவை. தனி இயக்கி மென்பொருள் கேட்கும் பலகையை வாங்குவதைவிட, பொதுவிதிப்படி செருகியதும் இயங்கும் பலகையை வாங்குவது நன்று. கணினியின் அடிப்படை மென்பொருள் மாறியதும் முன்னது செல்லாக்காசாகிவிடக்கூடும். கட்டையை அழுத்திய பின்னும் விரலழுத்தத்தை உணரும் ஆற்றல் மலிவுப் பலகைகளில் பொதுவாக இராது. முதற்பலகைக்கு அஃது இல்லாமற் போகட்டும்.

கட்டைகளுக்கு இடையே என்ன செய்வது என்ற பழைய வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. லிப்போல்டு ஹாக்கன் என்னும் அமெரிக்கர் கட்டையே இல்லாத, விரல் வழுக்கிச் செல்லும் பரப்புடைய கன்டினுவம் என்னும் கருவியைச் செய்தார். 2009-இல் வெளிவந்த ‘தில்லி-6’ படத்தின் பாடலொன்றில் ரஹ்மான் அதனை வாசித்திருக்கிறார். 2018-இல், ஒவ்வொரு சுரத்துக்கும் தனித் தடம் கொடுத்து அதனதனைத் தனியே வளைக்கும் முறை மிடி இலக்கணத்தில் ஏற்கப்பட்டது. 2020-இல் வந்த மிடி 2.0, ஒரே தடத்தினுள்ளும் ஒவ்வொரு சுரத்தையும் தனியே வளைக்க வழி செய்தது. ஆயின், இவற்றை விரலுக்கு எட்டச் செய்யும் பலகைகள் பெரும்பாலும் மலிவுக் கடையின் மேல்தட்டிலேகூட இல்லை. சிக்கன இலக்கணம் விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பெறுவதற்கு இன்னும் விலை அதிகம்.

புதிது வாங்க இயலாதவர்க்குப் பழையது உண்டு. 1983-இல் விற்ற டி.எக்ஸ்-7 கருவி ஒன்று யாரேனும் வீட்டுப் பரணில் நல்ல நிலையில் கிடைக்குமானால், அதன் பின்புறத்து ஐந்து முள் வாயிலில் ஒரு கம்பியைச் செருகி, மறுமுனையை யு.எஸ்.பி.யாக மாற்றும் சிறு இணைப்பொன்றின் வழியே இன்றைய கணினியோடு அதனைப் பேச வைக்கலாம். அறுபத்தொரு முழுக்கட்டைகளும், நல்ல உருளையும், நாற்பது ஆண்டுக்கு முந்திய வேலைப்பாடும் கிட்டும். ஒன்றே குறை: எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் அதன் விரைவு எண் 127-ஐ எட்டுவதில்லை, அதற்குக் கணினியில் சற்றே கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.